மூன்று கால் ஓநாய்

அல்மாட்டி
9 அக்டோபர் 2018

அன்புள்ள காம்ஷாத் அக்காவுக்கு,

கால்நடைகளும் உயிர்களும் நலமா என்று கேட்டுவிட்டுத்தான் நம் ஆட்கள் மற்றதைப் பேசுவார்கள். கரகண்டாவில் உன் மூன்றாம் மாடி வீட்டில் கால்நடை என்று இருப்பது ஒரு கிழட்டுப் பூனை. அது நலமா? சாபிர் அத்தானின் முழங்கால் நலமா? இங்கே நானும் ரைஹானும் சுகம். எனக்கு மட்டும் இரத்த அழுத்தம் ஏறியிருக்கிறது. காரணம் உப்பில்லை, ஓர் அயோக்கியன்.

வானொலிக்கு இருபது வருடமாக நகைச்சுவை எழுதுகிறேன். அங்கே வாயிற்காவலர்கூட என்னை மதிப்பதில்லை. ஆனால் இணையத்தில் ‘பழைய நாடா’ என்று ஒரு குழு இருக்கிறது. பழைய கணினி விளையாட்டுகள் பதிந்த ஒலிநாடாக்களைச் சேர்க்கிறவர்கள், தொள்ளாயிரம் பேர். அத்தனை பேரும் என்னை ‘ஆசான்’ என்கிறார்கள். ஏன் தெரியுமா? தொண்ணூற்றிரண்டில் நாம் செய்து விற்றோமே ‘நீல ஓநாய்’ நாடாக்கள், அவை இன்றைக்கு அபூர்வப் பொருள். மாஸ்கோவில் ஒருவன் திருடிய விளையாட்டை நோவோசிபிர்ஸ்கில் ஒருவன் திருடி, அவனிடமிருந்து நாம் திருடி நாடாவில் ஏற்றினோம். பாட்டுக் கேட்கும் அதே ஒலிநாடாப் பெட்டியைக் கணினியோடு இணைத்து ஓடவிட்டால் ஐந்து நிமிடம் கீச்சிட்டுவிட்டு விளையாட்டு வரும். சில சமயம் வராது. வராதபோது என்னைத் தேடி வருவார்கள்.

இப்போது ‘புல்வெளி 61’ என்று பெயர் வைத்துக்கொண்ட ஒருவன் பன்னிரண்டு நீல ஓநாய்களின் படத்தைக் குழுவில் போட்டிருக்கிறான். விற்கலாமாம், அல்லது வசந்தத்தில் இங்கே நடக்கப்போகும் பழங்கணினிக் கண்காட்சிக்குத் தரலாமாம். அந்தக் கண்காட்சிக்கு ஆலோசகர் யார்? உன் தம்பி. பன்னிரண்டும் போலி என்று படத்திலேயே தெரிகிறது. என் கண்ணாடி அலமாரியில் இருக்கும் அசல் ஓநாயோடு ஒப்பிட்டேன். நாம் விற்றதில் ஒன்றைக்கூட எடுத்துவைக்காத மடையனாகிய நான், போன வருடம் ஒரு மாதச் சம்பளத்தைக் கொட்டி இணையத்தில் வாங்கினேனே, அதேதான்.

திருட்டு நாடாவுக்கே போலி, அக்கா. எனக்கு வயிறு எரிகிறது. ரைஹானிடம் சொன்னேன்: “நாம திருடினோம், ஒத்துக்கறேன். ஆனா நேர்மையாத் திருடினோம்.” அவள், “இதை வெளிய போய்ச் சொல்லாதீங்க, புடிச்சு உள்ள வெச்சுடுவாங்க” என்றாள்.

இன்னும் அந்தக் கிழட்டுத் தட்டச்சுப் பொறியில்தான் எழுதுகிறாயா? உன் ‘கா’ எழுத்து வரியை விட்டு மேலே குதித்துக் குதித்துப் படிக்கிறவனுக்குத் தலை சுற்றுகிறது. கைபேசியில் பேசினால் என்ன?

அத்தானின் முழங்காலுக்கு என் வணக்கம்.

தம்பி தில்யூபெக்


கரகண்டா
21 அக்டோபர் 2018

தம்பி தில்யூபெக்குக்கு,

நலம். பூனையும் நலம். அத்தானின் முழங்கால் வானிலை அறிக்கையை முந்திக்கொண்டு சொல்கிறது. உன் இரத்த அழுத்தத்துக்குக் குதிரை இறைச்சியைக் குறை, குழுவையும் குறை.

கைபேசியில் நீ பேசுவாய், நான் கேட்பேன். கடிதமென்றால் பதில் வரும்வரை நீயும் கொஞ்சம் காத்திருக்க வேண்டும். அதனால்தான்.

அந்த நாடாக்கள் போலி என்று எப்படிக் கண்டுபிடித்தாய்? தெரிந்துகொள்ள ஆசை. விற்பவர் ஆண் என்று எதை வைத்துச் சொல்கிறாய்? நாம் அவற்றைச் செய்த நாட்களைப் பற்றி உனக்கு என்னென்ன நினைவிருக்கிறது? யார் எந்த வேலை செய்தார்கள்? விடாமல் எழுது. எனக்கு நேரம் இருக்கிறது.

ரைஹானுக்கு அன்பு.

அக்கா காம்ஷாத்


அல்மாட்டி
30 அக்டோபர் 2018

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வந்தது, எல்லாரும் நலம் என்று அறிந்து மகிழ்ச்சி. குதிரை இறைச்சியைக் குறைக்கச் சொல்லும் பகுதியை ரைஹான் கண்ணில் படாமல் மடித்து வைத்தேன்.

கேட்டாய், சொல்கிறேன். குழுவில் மூன்று அடையாளங்கள் என்று என் பெயரிலேயே ஒரு பட்டியல் இருக்கிறது. அதை அச்செடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிகிறவர்கள் இருக்கிறார்கள்.

ஒன்று, நாடாப் பெட்டிக்குள் செருகியிருக்கும் பெயர் அட்டை அசலில் நல்ல வெள்ளைத் தாள். இந்த ஆளின் அட்டைக்குப் பின்னால் ஏதோ படிவம் தெரிகிறது. ஆட்டுக்கு ஊசி போட்ட கணக்காம். குப்பைத் தொட்டியில் கை விட்டு எடுத்திருக்கிறான். இரண்டு, அசல் எழுத்து சிப்பாய் வரிசை போல் நேராக நிற்கும். இவனுடையதில் ஓர் எழுத்து மட்டும் தத்தித் தத்தி மேலே ஏறுகிறது. மூன்று, அட்டையில் முத்திரையாகக் குத்திய நம் ஓநாய்க்கு நான்கு கால். இவனுடையதற்கு மூன்று. ஓநாயின் கால்களை எண்ணத் தெரியாதவனெல்லாம் போலி செய்யக் கிளம்பிவிட்டான்.

நினைவுக்கு என்ன குறைச்சல்? கால்நடை ஆய்வுக்கூடத்தில் உன் அலுவலக அறையில், எல்லாரும் வீட்டுக்குப் போனபிறகு செய்தோம். விளையாட்டைக் கொண்டுவந்தது நான். நாடாவில் ஏற்றியது நான். ‘நீல ஓநாய்’ என்று பெயர் வைத்ததும் நான். அத்தான் செருப்பு ரப்பரில் ஓநாய் முத்திரை செதுக்கினார். சனிக்கிழமைச் சந்தையில் தொப்பி விற்கிறவளுக்கும் கார்க் கண்ணாடி விற்கிறவனுக்கும் நடுவில் நின்று தொண்டை கிழியக் கூவியதும் நான்தான். நீ தேநீர் போட்டாய். நீ பொரித்த பவுர்சாக் ரொட்டி இல்லாமல் நீல ஓநாய் இல்லை என்று குழுவில்கூட எழுதியிருக்கிறேன். நிறையப் பேர் நெகிழ்ந்தார்கள்.

குளிர் தொடங்கிவிட்டது. சால்வை இல்லாமல் வெளியே போகாதே.

தம்பி தில்யூபெக்


கரகண்டா
20 நவம்பர் 2018

தம்பிக்கு,

நலம். பனி விழுந்துவிட்டது. அத்தான் ஏரியில் துளை போட்டு மீன் பிடிக்கப் போகிறார், மீன் சம்மதிப்பதில்லை.

தேநீர் போட்டதை நினைவில் வைத்திருப்பதற்கு நன்றி.

கண்ணாடியை மாற்றி எத்தனை வருடம் ஆகிறது? மருத்துவரிடம் காட்டு. பிறகு, அந்த விற்பவரிடம் நேரடியாக ஒரு வார்த்தை கேட்டாயா? கேட்டுப்பார். பொறுமையாகக் கேள்.

காம்ஷாத்


அல்மாட்டி
1 டிசம்பர் 2018

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலமறிய ஆவல். மீனுக்கும் என் விசாரிப்பு.

நீ சொன்னபடி கேட்டேன். என்ன பதில் வந்தது தெரியுமா? “இவை 1992இல் நான் செய்தவை. அட்டையைத் தடவிப் பார்த்தால் தெரியும்.” தடவிப் பார்க்க வேண்டுமாம். குதிரை வாங்கவா போகிறேன்?

எனக்கு வந்த கோபத்தில் பொறுமை எங்கே? “நீங்கள் செய்தவை என்றால் நான் யார்?” என்று குழுவில் எல்லார் முன்னாலும் கேட்டேன். என் மூன்று அடையாளங்களையும் வரிசையாகப் போட்டு, ஆட்டு ஊசிக் கணக்கைப் பற்றி இரண்டு நகைச்சுவையும் எழுதினேன். வானொலியில் இருபது வருடத்தில் கிடைக்காத சிரிப்பு ஒரு சாயங்காலத்தில் கிடைத்தது. ஒருவன் ‘கிழட்டு ஏமாற்றுக்காரா, வெட்கமில்லையா’ என்று எழுதினான், நானூறு பேர் ஆமோதித்தார்கள். அந்த ஆள் அதன்பிறகு ஒரு வரி எழுதவில்லை. குழுவைவிட்டு நீக்கிவிட்டார்கள்.

கண்காட்சி நடத்தும் ஐஜமால் என்ற பெண் அந்தப் பன்னிரண்டையும் வரவழைத்து நடுக் கூடத்தில் வைக்க இருந்தாளாம். எனக்குத் தொலைபேசினாள்.

“ஐயா, உறுதியாத்தான் சொல்றீங்களா? எனக்கென்னவோ நெஜம் மாதிரி தெரியுது.”

“ஏம்மா, உன் வயசென்ன?”

“இருபத்தாறு.”

“நீ பொறக்கறப்ப நான் இதை வித்துட்டு இருந்தேன். திருப்பி அனுப்பிடு.”

திருப்பி அனுப்பிவிட்டாள். நம் மானத்தைக் காப்பாற்றிவிட்டேன், அக்கா. இதைக் கேட்டு நீ மகிழ்வாய் என்று தெரியும்.

தம்பி தில்யூபெக்


அல்மாட்டி
28 டிசம்பர் 2018

அன்புள்ள அக்காவுக்கு,

புத்தாண்டு வாழ்த்துகள். உடம்புக்கு ஏதேனும் செய்கிறதா? நான் எழுதி நான்கு வாரமாகிறது. கடிதமென்றால் காத்திருக்க வேண்டும் என்றாய், சரி. ஆனால் இது காத்திருப்பில்லை, தண்டனை. நான் என்ன செய்தேன்?

நேற்றுத் தொலைபேசினேன். அத்தான் எடுத்தார்.

“அக்கா எங்க?”

“இருக்கா. தட்டிட்டு இருக்கா.”

“என்னத்த?”

“உனக்குத்தான். ஒரு வாரமா தட்டறா, கிழிக்கறா, மறுபடி தட்டறா. நான் மீனுக்குப் போறேன்டா, வீட்ல இருக்க முடியல.”

வைத்துவிட்டார். அப்படி என்ன எழுதுகிறாய்? பூனைக்கு ஒன்றுமில்லையே?

தில்யூபெக்


கரகண்டா
19 ஜனவரி 2019

தில்யூபெக்,

எல்லாரும் உயிரோடு இருக்கிறோம். விசாரிப்பு அவ்வளவு போதும்.

கண்ணாடி அலமாரியைத் திற. உன் ஓநாயை வெளியே எடு. பெட்டியிலிருந்து அட்டையை உருவித் திருப்பு. கட்டைவிரலால் பின்பக்கத்தைத் தடவு. தட்டச்சுப் பொறி எழுத்தை எழுதாது, குத்தும். குத்திய இடம் பின்னால் புடைத்திருக்கும், கண்ணை மூடிக்கொண்டும் வரிகளை எண்ணலாம். உன்னுடையது வழவழவென்று இருக்கும். ஏனென்றால் அது கணினி அச்சுப்பொறியில் எடுத்தது. பூதக்கண்ணாடி வைத்துப் பார், எழுத்தைச் சுற்றிக் கரும்பொடி தூவியிருக்கும்.

நல்ல வெள்ளைத் தாள் என்கிறாய். தொண்ணூற்றிரண்டில் வெள்ளைத் தாள் எந்தக் கடையில் கிடைத்தது, சொல். சர்க்கரைக்கே வரிசையில் நின்றோம். ஆய்வுக்கூடத்தில் கழித்துப்போட்ட படிவங்களை நான் நான்காக வெட்டினேன். செம்மறி, வயது, ஊசி போட்ட தேதி. ஒவ்வோர் அட்டைக்குப் பின்னாலும் கால் ஆடு இருக்கும். நீ ஒருநாளும் திருப்பிப் பார்த்ததில்லை.

ஓநாய்க்கு நான்கு கால் இருந்தது முதல் சனிக்கிழமை மட்டும். அத்தான் முத்திரையைச் சூடேற்றிமேல் வைத்துவிட்டு மறந்தார், பின்னங்கால் கருகி உதிர்ந்தது. அதன்பிறகு விற்ற எல்லா ஓநாயும் நொண்டி. அதையும் நீ பார்க்கவில்லை.

தத்தித் தத்தி ஏறும் எழுத்தா? அது ‘கா’. வாரத்துக்கு இருநூறு அட்டை தட்டியதில் அதன் கம்பி வளைந்தது. அரசாங்கப் பொறியைக் கெடுத்தேன் என்று இயக்குநர் எனக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார், அந்தக் கடிதத்தையும் அதே பொறியில் நானே தட்ட வேண்டியிருந்தது. ஆய்வுக்கூடத்தை மூடியபோது பொறியை என் தலையில் கட்டினார்கள். இருபத்தாறு வருடமாக உனக்கு அதில்தான் எழுதுகிறேன். உன்னைத் தலை சுற்ற வைப்பதும் அதே ‘கா’தான்.

உன் ஓநாய் எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்கிறேன். மூன்று வருடத்துக்கு முன்னால் நான்கு கால், வெள்ளைத் தாள், நேரான எழுத்து என்று குழுவில் அளந்தாயே, அதைப் படித்து எவனோ அதேபடி செய்தான். நீ அளவு கொடுத்தாய், அவன் தைத்தான், நீயே வாங்கிப் போட்டுக்கொண்டாய்.

புல்வெளி 61 நான்தான். கண்காட்சி வருகிறது என்று உன் குழுவில் படித்தேன். ஒரு மூலையில் என் பெயரோடு வைப்பார்கள் என்று நினைத்தேன். தம்பி சொல்லி வைக்க வேண்டாம், பொருளே பேசட்டும் என்று பெயரை மறைத்தேன். பிறகு உன் கடிதம் வந்தது. யார் என்ன வேலை செய்தார்கள் என்று கேட்டேன். அதன்பிறகு மூன்று கடிதம் எழுதினாய். ‘அக்கா, அட்டைகளைத் தட்டியது நீதானே’ என்று ஒரு வரிக்குக் காத்திருந்தேன். நான் தேநீர் போட்டேனாம்.

நானூறு பேர், தில்யூபெக். அதில் ஒருவனைக்கூட நான் திட்டவில்லை. அவர்கள் உன்னை நம்பினார்கள்.

காம்ஷாத்


அல்மாட்டி
27 ஜனவரி 2019

அன்புள்ள அக்காவுக்கு,

நலம் என்று எழுத முடியவில்லை. தடவினேன். வழவழவென்றுதான் இருக்கிறது. பூதக்கண்ணாடி வைத்தேன், கரும்பொடியும் இருக்கிறது. பிறகு உன் கடிதத்தைத் திருப்பித் தடவினேன். எல்லா வரியும் கைக்குத் தட்டுப்பட்டது.

ரைஹானிடம் சொன்னேன். கேட்டு முடித்துவிட்டு அடுப்பை அணைத்தாள். “தொள்ளாயிரம் பேர் முன்னால கூடப்பொறந்தவளைத் திருடின்னு சொன்ன ஆளு நீங்க. சாப்பாடு உங்களுக்கு இல்ல, பூட்டிட்டுப் படுக்கறேன்” என்றாள். பட்டினி பழகிவிட்டது.

ஆனால் நீயும் முதல் கடிதத்திலேயே சொல்லியிருக்கலாம் அல்லவா? என்னைக் குழிக்கு நடத்திக்கொண்டு போய், உள்ளே விழுந்த பிறகா விளக்கேற்றிக் காட்டுவது? எனக்கும் கோபம் இருக்கிறது. என் ஒரு மாதச் சம்பளத்தைத் தின்ற அயோக்கியன்மேலும் இருக்கிறது.

நடந்தது நடந்துவிட்டது. ஒரு வழி சொல்கிறேன். ஐஜமாலிடம் தனியாகப் பேசுகிறேன், மறுபடி பரிசீலித்ததில் சரியாகத்தான் இருக்கிறது என்று சொல்லிப் பன்னிரண்டையும் உள்ளே வைத்துவிடலாம். குழுவுக்கு எதற்கு? மக்கள் மறந்துவிடுவார்கள். ஆசான் என்று கூப்பிடுகிறவர்கள் முன்னால் போய் எனக்கு ஓநாயின் கால் எண்ணத் தெரியாது என்று எப்படிச் சொல்வேன்?

அத்தானிடம் எனக்காக ஒரு வார்த்தை பேசச் சொல்.

தில்யூபெக்


கரகண்டா
10 பிப்ரவரி 2019

தம்பிக்கு,

நலம். அத்தானிடம் கேட்டேன். “அவன் கால் எண்ணட்டும்” என்றார். அதுதான் அவர் பேசிய ஒரு வார்த்தை.

வைதது சந்தையில், மன்னிப்பு மட்டும் சமையலறையிலா? தவறு செய்தவன் ஒரு குதிரையும் ஓர் அங்கியும் கொண்டுவந்து ஊர் முன்னால் தலை குனிய வேண்டும். நம் முறை அது, நான் கண்டுபிடித்ததில்லை. என் மூன்றாம் மாடிக்குக் குதிரை ஏறாது. குதிரைக்குப் பதிலாக உன் அலமாரியில் இருப்பதை அனுப்பு. அதைவிட விலை கொடுத்து நீ எதுவும் வாங்கியதில்லை. அங்கிக்குப் பதிலாக அங்கியே அனுப்பு, இங்கே நல்ல குளிர்.

ஊர் என்பது உன் தொள்ளாயிரம் பேர். அவர்களிடம் என் பெயரை முழுசாகச் சொல். நகைச்சுவை வேண்டாம்.

ரைஹானிடம் சொல், இனி உனக்குச் சோறு போடலாம்.

காம்ஷாத்


அல்மாட்டி
3 மார்ச் 2019

அன்புள்ள அக்காவுக்கு,

உடம்பு எப்படி? அத்தான் எப்படி? இங்கே மலையில் பனி இளகத் தொடங்கிவிட்டது.

எழுதினேன். நகைச்சுவை இல்லாமல் எழுதினேன், எனக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியும். ‘நீல ஓநாய் அட்டைகள் அனைத்தையும் தட்டச்சு செய்தவர் என் அக்கா காம்ஷாத் ஒமரோவா. புல்வெளி 61 அவர்தான். போலி என்று நான் சொன்ன பன்னிரண்டும் அசல். அசல் என்று நான் கும்பிட்டது போலி. எனக்கு ஒன்றும் தெரியாது.’

யாரும் நம்பவில்லை, அக்கா. ஆசானின் கணக்கை அந்தப் புல்வெளிக்காரன் கைப்பற்றிவிட்டான் என்று கூச்சல் கிளம்பியது. ஆசான் ஒருநாளும் ‘தெரியாது’ என்று எழுதியதில்லையாம், அதுவே போலி என்பதற்கு அடையாளமாம். முகத்தைக் காட்டிப் பேசிக் காணொளி எடுத்துப் போட்டேன். “மிரட்டிப் பேச வைக்கறாங்க, கண்ணைப் பாருங்க” என்றான் ஒருவன். கண் சிவந்திருந்தது உண்மைதான், ரைஹான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள் என்று எழுதிக்கொள். என் மூன்று அடையாளங்களையே என்மேல் வீசிவிட்டு என்னைக் குழுவைவிட்டு நீக்கிவிட்டார்கள். நான் கற்றுக்கொடுத்தபடியே செய்தார்கள், குறை சொல்ல முடியாது.

பிறகு உன் கடிதத்தையும் என் ஓநாயையும் எடுத்துக்கொண்டு ஐஜமாலின் அலுவலகத்துக்கே போனேன். இரண்டையும் மேசையில் வைத்து, “தடவிப் பாரும்மா” என்றேன். தடவினாள்.

“எனக்கு அப்பவே தோணுச்சு. நீங்க வயசக் கேட்டீங்க, அடங்கிட்டேன்” என்றாள்.

“அது என் தப்பு.”

“உங்க தப்பு மட்டுமில்ல. எனக்கும் விரல் இருந்துச்சு.”

நாடாக்களைத் திருப்பி அனுப்பிய தபால் பெட்டி எண்தான் அவளிடம் இருந்தது, உன் வீட்டு விலாசத்தைக் கேட்டாள், கொடுத்தேன். இதோடு பொட்டலம் வரும். அங்கியை ரைஹான் தேர்ந்தெடுத்தாள். குதிரையைப் பழைய செய்தித்தாளில் சுற்றியிருக்கிறேன். அலமாரி காலியாக இருக்கிறது. அந்தப் பக்கம் போகாமல் நடக்கப் பழகுகிறேன்.

அட்டைகளைத் தட்டியது நீதான், அக்கா. இதை நான் முன்னாலேயே எழுதியிருக்க வேண்டும்.

தில்யூபெக்


கரகண்டா
29 மார்ச் 2019

அன்புள்ள தம்பிக்கு,

கால்நடைகளும் உயிர்களும் நலமா? நவ்ரூஸ் பண்டிகை இங்கே நல்லபடியாக நடந்தது. அங்கி எனக்குப் பெரிது, அத்தானுக்குச் சரியாக இருக்கிறது, கழற்ற மாட்டேன் என்கிறார். ரைஹானின் கண் அளவு சரியில்லை என்று சொல்லாதே, நீ சொல்லும் தகுதியில் இல்லை.

உன் ஐஜமால் ரயிலேறி வந்தாள். நம் வீட்டில் இரண்டு நாள் தங்கினாள். பன்னிரண்டு அட்டைகளையும் மேசையில் பரப்பி, பின்பக்க ஆடுகளை ஒவ்வொன்றாகச் சத்தம் போட்டு வாசித்தாள். அத்தானை உட்காரவைத்து ஓநாயின் காலைப் பற்றி ஒரு மணி நேரம் கேட்டாள். அவர் அவ்வளவு பேசி நான் பார்த்ததில்லை. குழுக்காரர்கள் திறப்பு விழாவுக்கு வந்து தடவிப் பார்க்கட்டும், நம்புகிறவர்கள் நம்பட்டும் என்றாள்.

பன்னிரண்டையும் கொண்டுபோய்விட்டாள். உன் குதிரையையும் கேட்டாள், பக்கத்திலேயே வைக்க வேண்டுமாம். கொடுத்தேன். பெயர்ப்பலகைகளைத் தானே அச்சடித்துக்கொள்வதாகச் சொன்னாள். வேண்டாம், நான் தட்டுகிறேன் என்றேன். நீ வந்து பார்க்கும் முன்னாலேயே தெரிந்திருக்கட்டும் என்று இரண்டையும் இங்கே எழுதுகிறேன்.

முதலாவது: ‘நீல ஓநாய், 1992. தட்டச்சு: காம்ஷாத் ஒமரோவா. முத்திரை: சாபிர் ஒமரோவ். சந்தையில் கூவியவர்: தில்யூபெக் ஜக்சிபாயெவ்.’

இரண்டாவது: ‘போலி. மாதிரி கொடுத்தவர்: தில்யூபெக் ஜக்சிபாயெவ். வாங்கியவரும் அவரே.’

அக்கா காம்ஷாத்